கிடுகுக் கொட்டிலில் மனைப்பொருளியல்

வருடாவருடம் எங்கள் பழைய மாணவர்களின் இந்த மலரை விஞ்ஞான, கணிதப் பிரிவுக்காரரே நிரப்பிவிடுகிறார்கள். மனைப்பொருளியல் படித்தவர்கள் எழுதி நான் கண்டதில்லை. அன்று "சமையல் பாடம்" என்று சிரித்தவர்களில் சிலர் இன்று ரொறன்ரோவில் நீரிழிவுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, எவ்வளவு சோறு போடலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். பழிவாங்காமல் சொல்லிக் கொடுக்கிறேன்.

1996 இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்து, அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் வகுப்புகள் நடந்த காலம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமே தட்டுப்பாடு. எங்கள் பாடப்புத்தகமோ பட்டர், பாற்கட்டி, கேக் என்று பேசிக்கொண்டிருந்தது. சோதனைக்கு வேண்டுமே என்று அதையும் ரீச்சர் கொப்பியில் எழுதவைப்பார். செய்முறைக்கு மட்டும் சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) நிவாரண அரிசி, மா, பருப்பு. மிச்சத்துக்கு வேலியும் வளவும்.

சோறும் பருப்பும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று அங்கேதான் விளங்கியது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசீன் குறைவு, பருப்பில் மெதியோனீன் குறைவு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். முருங்கையிலையின் கரோட்டீன் (உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறுவது) உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், ஆகவே வறைக்குத் தேங்காய்ப்பூ கட்டாயம். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அது குறையும். இதை வீட்டில் அப்பாமாரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மரவள்ளிக்கிழங்கை மூடாமல் அவிக்கச் சொன்னதற்கும் காரணம் கிடைத்தது: அதிலிருந்து உண்டாகும் ஐதரசன் சயனைட்டு ஆவியோடு போய்விடும். ஓடிப்போய் அம்மம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தானே திறந்து அவிக்கிறது. உனக்கு இப்பதான் தெரியுமோ?" என்றா.

ஒருநாள், முதல்நாள் வீட்டில் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார் ரீச்சர். அட்டவணையைப் பார்த்துச் சத்துக் கணக்கெடுக்கத்தான். வந்த கொப்பிகளில் மீன் குழம்பு, முட்டை, தயிர்! பாதிப் பேர் வீட்டில் சோறும் சம்பலும் என்பது ஊரறிந்தது. ரீச்சர் ஒருவரையும் கேட்கவில்லை. கொப்பிகளைத் திருப்பித் தந்துவிட்டு, கரும்பலகையில் ஐந்து பேர் கொண்ட ஒரு கற்பனைக் குடும்பத்தை எழுதி, நிவாரண அரிசியையும் பருப்பையும் அவர்களுக்குப் பங்கிடச் சொன்னார். மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. கூட்டிப் பார்த்தால் வயிறு ஒருமாதிரி நிரம்பும். விற்றமின் ஏயும் கல்சியமும் எட்டாது. "அப்ப உந்தக் குடும்பம் என்ன செய்யலாம், பிள்ளையள்?" என்றார். பொய் எழுதியவர்களில் ஒருத்தியே முதலில் கை உயர்த்தினாள்: முசுட்டை, பொன்னாங்காணிக் கீரைகள், முள்ளோடு சப்பித் தின்னக்கூடிய சின்னக் குளத்துமீன். அன்று பாடம் மணியடித்த பிறகும் நடந்தது. பிறகு நான் வெளிநாட்டில் படித்த எந்த வகுப்பிலும் ஒரு ஆசிரியரிடம் அந்த நாசூக்கைக் கண்டதில்லை.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஒன்றுகூடலில் றோல்ஸுக்கும் கொத்துரொட்டிக்கும் பக்கத்தில் ஒரு சட்டி முருங்கையிலை வறை. சுண்டுவதற்கு நான் வருகிறேன். இலை உருவ விஞ்ஞானப் பிரிவுக்காரர் வரட்டும்.