கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள்

டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டின் படத்தில் எல்லோரும் சுட்ட பையனைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண் போவது அவனுக்குப் பின்னால்.

2020 ஜனவரி 30. காந்தி நினைவு நாள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஜாமியா மாணவர்கள் ராஜ்காட்டுக்கு ஊர்வலம் கிளம்பியிருந்தார்கள். நான் அப்போது டெல்லியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வீடியோ எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டியபடி, "யே லோ ஆசாதி" (இந்தா, சுதந்திரம்) என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறான். அந்த நாட்டுத் துப்பாக்கியைக் 'கட்டா' என்பார்கள் அங்கே. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடமுடியும். அந்த ஒன்று ஒரு மாணவரின் கையில் பாய்ந்தது. துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லி, சமாதானமாகப் பேசி அவனை நெருங்கிப் போனவர் அவர்.

சரி, அவன் பின்பக்கமாக நடந்து போனது எங்கே? வரிசையாக நின்ற போலீஸை நோக்கி. ஹெல்மெட், லத்தி எல்லாம் இருக்கிறது. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லாம் சில நொடிகளில் நடந்துவிட்டது என்றது போலீஸ். இருக்கலாம். ஆனால் ஒன்றரை மாதம் முன்பு, டிசம்பர் 15 அன்று, இதே டெல்லி போலீஸ் இதே ஜாமியாவின் நூலகத்துக்குள் புகுந்து மாணவர்களை அடித்தது. அன்றைக்கு இருந்த சுறுசுறுப்பு இன்றைக்கு எங்கே போனது? குண்டடி பட்ட மாணவர் ரத்தம் சொட்டும் கையோடு தடுப்பு வேலியில் ஏறிக் குதித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

"பையனுக்குப் பதினேழு வயதுதான், யாரோ கெடுத்துவிட்டார்கள்" என்றார் பக்கத்து சீட்காரர். யாரோ என்ன யாரோ! மூன்று நாள் முன்புதான் டெல்லி ரிதாலாவில் நடந்த தேர்தல் கூட்டத்தில் அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த அனுராக் தாக்கூர் "தேசத் துரோகிகளை" என்று எடுத்துக் கொடுக்க, கூட்டம் "சுட்டுத் தள்ளு" என்று முடித்தது. தேர்தல் ஆணையம் அவருக்குக் கொடுத்த தண்டனை 72 மணி நேரப் பிரசாரத் தடை. பையன் கிளம்பும் முன் ஃபேஸ்புக்கில், ஷாஹீன் பாக் (டெல்லியில் அதே சட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்த இடம்) ஆட்டம் முடிந்தது என்று எழுதிவிட்டு, லைவும் போட்டான். ஒளிந்து செய்கிற எண்ணமே இல்லை. பிப்ரவரி 1 அன்று ஷாஹீன் பாகிலேயே இன்னொருவன் வானத்தை நோக்கிச் சுட்டான்.

அந்தப் படத்தை எடுத்தவர் ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்திக்கி. ஜாமியாவில் படித்தவர். துப்பாக்கிக்கு எதிரே நின்று கேமராவை இறக்காமல் எடுத்திருக்கிறார். போலீஸ் வரிசையும் அதில் விழுந்ததால்தான் நாம் இதையெல்லாம் பேச முடிகிறது. 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். ஜாமியா இடுகாட்டில்தான் அடக்கம்.

அதற்கு நான்கு நாள் முன்பு, ஜாமியாவில் சுட்ட அதே பையனை ஹரியானா போலீஸ் கைது செய்திருந்தது. பட்டோடியில் நடந்த மகாபஞ்சாயத்து என்ற பெரிய கூட்டத்தில் மேடையேறி, முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசியதற்காக. அதாவது, இடைப்பட்ட ஒன்றரை வருடத்தில் அவனுக்கு மைக் கொடுக்க ஆட்கள் கிடைத்திருந்தார்கள்.