ஹாஸ்கெல் சார்ட்டும் பொய் சொல்லும் கடிகாரமும்

இன்று கண்ணில் பட்ட ஸ்கிரீன்ஷாட்: ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய குவிக்சார்ட் (எண்களை வரிசைப்படுத்தும் ஒரு முறை), கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்ததாம்.

முடிந்திருக்காது.

ஹாஸ்கெல் சோம்பேறி, கேட்டால்தான் கணக்குப் போடும். நேரம் அளக்கும் லைப்ரரியான கிரைட்டீரியனில் 'டபிள்யூஎச்என்எஃப்' (whnf, மேலோட்டமாக மட்டும் கணக்கிடு) கொடுத்தால் லிஸ்டின் முதல் உறுப்பு தட்டுப்பட்டதும் கடிகாரம் நின்றுவிடும். 'என்எஃப்' (nf, முழுதாகக் கணக்கிடு) கொடுங்கள், கடைசி வரை ஓடும்.

அடுத்தது இன்புட். ரேண்டம் எண்கள் மட்டும் போதாது. ஏற்கனவே ஏறுவரிசையில் உள்ள 10,000 எண்களைக் கொடுத்துப் பாருங்கள்.

தலை உறுப்பையே பிவட்டாக (மற்றவற்றை ஒப்பிடும் எண்ணாக) எடுத்து, சிறியதற்கு ஒரு ஃபில்டர், பெரியதற்கு ஒரு ஃபில்டர் என்று ஓடும் அந்தப் பிரபலமான குவிக்சார்ட் சுமார் 10 கோடி ஒப்பீடுகள் செய்யும்.

ஹாஸ்கெலுடனேயே வரும் டேட்டா.லிஸ்டில் உள்ள சார்ட்? அது மெர்ஜ் சார்ட், வரிசையான துண்டுகளை ஒன்றுசேர்க்கும் முறை. வரிசையாக வரும் துண்டுகளை முதலிலேயே மோப்பம் பிடித்துவிடும். 9,999 ஒப்பீடுகள், அவ்வளவுதான்.

இருப்பதிலேயே சிறிய 5 எண்கள் மட்டும் வேண்டுமா? அதே சார்ட்டின் மேல் 'டேக் 5' (முதல் 5-ஐ மட்டும் எடு) போடுங்கள். அங்கே சோம்பல் லாபம்.