கணவாய்க் காற்றும் பெட்ரோல் செலவும்

விலை குறைவு என்பதற்காகப் பாலக்காட்டிலிருந்து வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் நிரப்பி வருவது எங்களுக்கு வழக்கம்தான். அதற்கென்றே தனியாக ஓடினால் மிச்சமாவது வழியிலேயே எரிந்துவிடும். சேமிப்பு உண்மையில் வலது காலில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக உயர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 100-ஐத் தொட்டால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகிறது. ஆடி மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாயின் மேற்குக் காற்றும் எதிரே நின்று தள்ளுவதால், அப்போது விரட்டுவது வெறும் வீண் என்றே கருதுகிறேன். நெல்லியாம்பதி இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதைச் சிக்கனம் என்று பலர் (எங்கள் மாமா உட்பட) நம்புகிறார்கள். கியரை விடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின் பொதுவாக எரிபொருளையே நிறுத்திவிடும்; நியூட்ரலிலோ என்ஜின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாவதுடன், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது.