மாதம் 82,067

அக்டோபர் 3, 2024, வியாழன்

ஆளை உயரத்துக்குத் தூக்கும் வாடகை மேன்லிஃப்ட் இன்றும் 11 மணிக்குத்தான் வந்து இறங்கியது. 8 மணியிலிருந்து நாலு பையன்கள் ஷீட் பண்டல் மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூலியும் ஓடுகிறது, வாடகையும் ஓடுகிறது. மதியம் 3 மணிக்கு வாலாஜாபாத் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது, ஆபரேட்டர் பூமை, அதாவது மெஷினின் நீளக் கையை, மடக்கிவிட்டான். மொத்தம் மூன்றரை மணி நேர வேலை. போன வருஷம் மாதம் 1,25,000 வீதம் எட்டு மாதம் வாடகை கொடுத்திருக்கிறேன். பத்து லட்சம்.

சொந்தமாக எடுத்துவிடலாம். எழுதிப் பார்க்கும்போது தைரியமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

செங்குன்றம் பக்கத்து யார்டுக்குப் போனேன். ஜே.எல்.ஜி. கம்பெனி ஆரஞ்சு, ஜீனி கம்பெனி நீலம், வரிசையாகத் தலை குனிந்து நிற்கின்றன. எனக்குக் காட்டியது 60 அடி டீசல் பூம், நாலு சக்கரமும் இழுக்கும், டயருக்குள் காற்றுக்குப் பதில் ஃபோம். ஷெட் தரை போடுவதற்கு முன்னால் மண்ணில்தான் எங்கள் வேலை, நேராக மேலே மட்டும் ஏறும் சிசர் லிஃப்ட் அங்கே இறங்கினால் அவ்வளவுதான். 2016 மாடல். இப்போது வேலை நடக்கும் சைட்டில் பத்து வயதுக்கு மேல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள், ஆக இரண்டு வருஷம் அங்கே ஓட்டலாம், அப்புறம் வேறு சைட்.

மீட்டர் 3,912 மணி. மீட்டரை நம்பாதே, பெடலைப் பார் என்று வாடகை ஆபரேட்டர் சொல்லியனுப்பியிருந்தான். பெடல் ரப்பரில் கோடுகள் இன்னும் தேயாமல் இருந்தன. பூமை முழுக்க நீட்டி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் அப்படியே விடச் சொன்னேன். அசையவில்லை. அவசரத்துக்கு இறக்கும் பம்பும் வேலை செய்தது. பாஸ்கெட் கைப்பிடியில் பாதி உரிந்த அரபி ஸ்டிக்கர் ஒன்று. பக்கத்தில் தகடு: 227 கிலோ, இரண்டு ஆள், காற்று வினாடிக்கு 12.5 மீட்டர் வேகம் வரைதான். தகட்டைத் தடவிக்கொண்டு நின்றேன். சாரத்தில் இப்படி எந்தத் தகடும் கிடையாது.

32 லட்சம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 37,76,000.

அக்டோபர் 7, திங்கள்

வங்கி. மேனேஜர் நல்ல மனிதர், டீ கொடுத்தார். "ஜே.சி.பி.ன்னா ஆர்.சி. புக் இருக்கு, அதுல எங்க பேரை ஏத்திடுவேன். இதுக்கு என்ன சார் இருக்கு?" இன்வாய்ஸ் இருக்கிறது, சீரியல் நம்பர் தகடு இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக டிரெய்லரில் ஏற்றிவிட்டால் தகட்டை வைத்து என்ன செய்வது என்கிறார். அரசு உத்தரவாதத் திட்டத்தில் ஐந்து கோடி வரை சொத்து அடமானம் வேண்டாமே என்றேன். சிரித்தார். பழைய மெஷின், 40 சதவீதம் கைப்பணம், அப்படியே வீட்டுப் பத்திரமும் கொண்டு வாருங்கள் என்றார்.

வீட்டுப் பத்திரம் அம்மா பேரில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்க மாட்டேன்.

அக்டோபர் 9, புதன்

ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.5-லேயே நிற்கிறதாம். எனக்கென்ன.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கிரைண்டர், டிரில், ரிவெட் கன், எல்லாவற்றுக்கும் பொட்டு. மேஸ்திரி அண்ணன் இல்லாமல் முதல் பூஜை. ஒவ்வொரு வருஷமும் சாரப் பலகைக்கு அவர்தான் சந்தனம் வைப்பார். இந்த வருஷம் பலகைகளை யாரும் வெளியே எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வந்தான். சின்னப் பையன், ஷூ பளபள என்று இருந்தது. 24 லட்சம் தருவார்கள், 36 மாதம், 7.7 சதவீதம்.

"பேங்கை விட கம்மி சார்."

"ஃபிளாட்டா, ரெட்யூஸிங்கா?"

ஒரு வினாடி பேனாவைப் பார்த்தான். ஃபிளாட்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வட்டி 5,54,400. அசலோடு 29,54,400. மாதம் 82,067. ஃபிளாட்டில் 35-வது மாதமும் முழு 24 லட்சத்துக்கே வட்டி கட்டுகிறேன். குறையும் அசலுக்கு என்று பார்த்தால் அந்த மாதம் என் பாக்கி 1.61 லட்சம்தான். கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் 14 சதவீதத்தைத் தொடுகிறது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

82,067 × 12 = 9,84,804. போன வருஷ வாடகை பத்து லட்சம். ஏறக்குறைய சமம். பிறகு ஆபரேட்டர் சம்பளம், டீசல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ். சும்மா நிற்கும் நாலு மாதம் வெளியே வாடகைக்கு விட்டால்தான் மெஷின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் எனக்குச் சும்மா நிற்கும் மாதம் எல்லோருக்கும் சும்மா நிற்கும் மாதம்தானே. மழை எனக்கு மட்டுமா பெய்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். டிவியில் அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் இருந்தால் எங்கே ஏற்றி நிறுத்துவேன்?

அக்டோபர் 18, வெள்ளி

ஆடிட்டர் ஆபீஸ். இரண்டு திட்டு. முதல் திட்டு: எடுக்கிறவர் அக்டோபர் முதல் தேதியே எடுத்து ஓட்டியிருந்தால் இந்த வருஷ வரிக் கணக்கில் முழு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், இனி 180 நாள் வராது, பாதிதான். இரண்டாவது, ஒரகடம் கம்பெனி ஷெட் வேலைக்கான பில். ஆகஸ்ட் 26-ல் கொடுத்தது, இன்று 53 நாள், 11.4 லட்சம் இன்னும் வரவில்லை. "உத்யம் நம்பர் வாங்கி வெச்சிருக்கீங்க, எதுக்கு? பிரேம் போட்டு மாட்டவா?" உத்யம் என்றால் சிறு தொழில் பதிவு, அதற்கான சட்டத்தில் பணம் தர 45 நாள். அதற்கு மேல் போனால் அந்தச் செலவை அவர்கள் வருமானத்தில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்திருக்கிறது. ஆனால் அதே வருஷத்துக்குள் கொடுத்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். ஆக அவர்களுக்கு ஜுரம் மார்ச் கடைசி வாரத்தில்தான் வரும். இது அக்டோபர். புகார் போடலாம், பொருளும் வேலையும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் இதில் வராது என்று வாதாடுவார்கள், அதையும் அவரே சொன்னார். புகார் போட்டால் அடுத்த ஷெட் எனக்குக் கிடையாது. இதை அவர் சொல்லவில்லை.

அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டேன். "வர்ற புதன் போட்டுடறோம் சார்."

அக்டோபர் 22, செவ்வாய்

சவரன் 58 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று மனைவியே பேப்பரைக் கொண்டுவந்து வைத்தாள். "வெல ஏறியிருக்கறப்பவே வெச்சா ஜாஸ்தி குடுப்பாங்கல்ல." கல்யாணத்துக்குப் போட்ட ஆரம், இரண்டு நெக்லஸ், பாப்பாவுக்கு என்று சேர்த்த வளையல்கள். ஒன்பது லட்சம். கடையில் எடை போடும்போது வளையலை மட்டும் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வரும் வழியில் தக்காளி வாங்கினோம்.

அக்டோபர் 23, புதன்

வரவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

கடன் நடத்தைக்குப் போடும் சிபில் மார்க் 731. இன்னும் அதிகம் வந்திருக்க வேண்டும். மச்சானின் பைக் லோனுக்கு 2021-ல் ஜாமீன் போட்டேன், இரண்டு தவணை அவன் விட்டது என் பேரிலும் ஏறியிருக்கிறது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். "மாமா, அது அப்பவே கட்டிட்டேன்" என்கிறான். கட்டினான்தான். கம்ப்யூட்டருக்கு அது மறக்கவில்லை.

ஃபைனான்ஸ் பையன் 731 போதும் என்கிறான். அவனுக்கு மாத டார்கெட்.

அக்டோபர் 30, புதன்

போனஸ் கொடுத்தாகிவிட்டது. ஒரகடத்திலிருந்து ஒரு ஸ்வீட் பாக்ஸ் வந்தது, கம்பெனி முத்திரையோடு.

நவம்பர் 6, புதன்

பீகார் பையன்கள் சத் பூஜைக்குப் போய்விட்டார்கள். ஆறு பேரில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. சைட்டில் நானும் இரண்டு பேரும். 18 அடியில், கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கட்டர் மாட்ட வேண்டும். சாரம் போடலாமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

நவம்பர் 12, செவ்வாய்

கையெழுத்து. எண்ணினேன், 47. முதல் பக்கத்தில் ஒரு புதுத் தாள் இருந்தது, அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிய விவரத் தாள். வட்டியோடு எல்லாச் செலவையும் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்லியாக வேண்டும். பிராசஸிங் கட்டணம் ஒன்றரை சதவீதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 42,480. அதையும் போட்டு அந்தக் கட்டத்தில் இருந்தது: 15.3.

வாயில் 7.7, தாளில் 15.3. பையனிடம் காட்டினேன். "அது ஆர்.பி.ஐ. ஃபார்மேட் சார்" என்றான், ஏதோ எழுத்துப் பிழை மாதிரி. தாள் இங்கிலீஷில் இருந்தது. வாங்குகிறவனுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்றேன், அனுப்புகிறேன் என்றான்.

தெரிந்தேதான் போட்டேன் கையெழுத்தை. தவணை 5-ம் தேதி, கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். திரும்பினால் செக் பவுன்ஸுக்கு உள்ள அதே கேஸ்.

நவம்பர் 13, புதன்

"வர்ற புதன்." இன்றைக்கே புதன்தானே என்றேன். "ஆமா சார், அடுத்தது."

நவம்பர் 18, திங்கள்

வந்துவிட்டது. ராத்திரி 11:20-க்கு லோ பெட் டிரெய்லர் படப்பை தாண்டும்போதே டிரைவர் போன் பண்ணிவிட்டான், நான் ரோட்டிலேயே போய் நின்றேன். தெருவிளக்கில் முதலில் பூம் தெரிந்தது, பிறகுதான் லாரி. சக்கரத்துக்கு ஒன்று என்று நாலு எலுமிச்சம்பழம். மூன்று நசுங்கின, நாலாவது உருண்டு ஓடிவிட்டது. அதை அவள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து திரும்ப வைத்தாள், ஆபரேட்டர் பின்னால் எடுத்து ஏற்றினான். சரி, இப்போது நாலு.

அரபி ஸ்டிக்கரைப் பாப்பா சுரண்டப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 20, புதன்

மேஸ்திரி அண்ணன் ஆட்டோவில் வந்தார். கம்பு ஊன்றி ஒரு சுற்று சுற்றி வந்தார். பின், ஹோஸ், டர்ன்டேபிள் போல்ட், ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஏறுங்கள் அண்ணே, ஹார்னஸ் போட்டு நானே கூட வருகிறேன் என்றேன். பாஸ்கெட் கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார்.

"எவ்ளோ தம்பி மாசம்?"

சொன்னேன்.

"அந்தப் பலகைய நான்தான் பாக்காம விட்டேன். அதுக்காக நீ கடன் வாங்காத."

அதற்காக இல்லை என்றேன். வாடகை, தவணை என்று கணக்கெல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பலகையை அன்று காலை பார்த்தது நான். முடிச்சு விட்டிருந்தது தெரிந்தது. மதியம் மாற்றலாம் என்று விட்டது நான். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

எட்டு நாளில் 41 மணி ஓடியிருக்கிறது. மேற்குப் பக்கம் ஷீட் முழுக்க முடிந்தது. சாரத்தில் என்றால் இரண்டு வாரம். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வங்காள விரிகுடாவில் ஏதோ புயல் சின்னம் என்கிறார்கள்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். சைட் மூடல். பூமை முழுக்க மடக்கி, டர்ன்டேபிள் பின் போட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு நேற்றே வந்தோம். தகட்டில் போட்ட 12.5 மீட்டர் என்பது மணிக்கு 45 கிலோமீட்டர். டிவியில் 80, 90 என்கிறார்கள். ராத்திரி மரக்காணம் பக்கம் கரை ஏறுகிறது. நின்றுகொண்டிருக்கும் மெஷின் சாயாது என்று எனக்குத் தெரியும், பத்து டன் போல எடை. தெரிந்தும் நாலு தடவை வாட்ச்மேனுக்குப் போன்.

டிசம்பர் 2, திங்கள்

நிற்கிறது. சுற்றிலும் சேறு, தரை இறுக ஒரு வாரமாவது ஆகும் என்கிறார் சைட் இன்ஜினியர். மீட்டர் 4,000-ஐத் தாண்டவில்லை. வெளியே வாடகைக்குக் கேட்ட இரண்டு பேரும் பொங்கல் கழியட்டும் என்கிறார்கள்.

டிசம்பர் 4, புதன்

ஒரகடம் பில்லுக்கு இன்று 100-வது நாள். காலை 10 மணிக்குப் போன், "லிஸ்ட்ல இருக்கு சார்." 2 மணிக்கு, "கையெழுத்துக்குப் போயிருக்கு." 4 மணிக்கு எடுக்கவில்லை.

நாளை தவணை. கணக்கில் 71,340. மச்சானிடம் கேட்டேன், பத்தாயிரம் போட்டான், மறுபேச்சு இல்லாமல். 81,340. இன்னும் 727 ரூபாய். சிரிப்பு வந்தது, பாப்பா உண்டியலை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். ஆனால் கணக்கைச் சுத்தமாகத் துடைத்து வைத்தால் சனிக்கிழமை கூலிக்கு எங்கே போவது.

மணி 8:40. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். இப்போதெல்லாம் 24 மணி நேரமும் உண்டு.

மேஸ்திரி அண்ணன் போன் பண்ணினார். கன்ட்ரோல் பாக்ஸுக்குள் தண்ணீர் போகும், தார்ப்பாய் கட்டினாயா என்று கேட்டார். கட்டவில்லை. போய்க் கட்டிவிட்டு வருகிறேன்.