வக்கீல் வெப்சைட்டில் கொடுத்த விவரத்தை அழிக்க வைக்க இரண்டரை மாதம்

தை கடைசியில் ஆரம்பித்தது, சித்திரை பிறந்த பிறகுதான் முடிந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை. என்னைப் போல இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நைனா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அணைக்கட்டு பக்கம் இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம், நைனா சுயமாக வாங்கியது. உயில் இல்லை. அண்ணன், நான், தங்கை மூன்று பேருக்கும் சம பங்கு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணன் பட்டாவைத் தன் பேருக்கு மட்டும் மாற்ற மனு போட்டிருக்கிறார் என்று ஊரிலிருந்து ஒருவர் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு காட்பாடி வீட்டில் உட்கார்ந்து போனில் தேடினேன். சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தின் வெப்சைட் வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை.

உள்ளே போனதும் ஒரு பெட்டி குதித்தது. இங்கிலீஷில் பத்து வரி, கீழே "ஒப்புக்கொள்கிறேன்" பட்டன். என் விவரத்தைப் பாதுகாப்பதாக ஏதோ உறுதிமொழி என்று நினைத்து அழுத்தினேன். அப்படி இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று, அவர்களை நெறிப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி இருக்கிறது. 2008-ல் அதைத் திருத்தி பெயர், முகவரி, போன், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு பார்க்கிறார் என்ற அளவுக்கு மட்டும் இணையத்தில் போட அனுமதித்தார்கள். "நானாகத்தான் தேடி வந்தேன், இவர்கள் என்னைக் கூப்பிடவில்லை" என்று நம்மிடமே சம்மதம் வாங்கிக்கொள்ளும் பெட்டி அது. அவர்களுக்குக் கவசம். நம் விவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அடுத்து ஃபாரம். பெயர், சர்நேம், போன், மெயில், பிரச்சினை என்ன, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, சொத்து ஆவணம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் எதையும் காலியாக விட முடியவில்லை. சர்நேம் கட்டத்தில் நைனா பெயரை அடித்தேன். ஆதாரை அப்படியே போட்டோ எடுத்து ஏற்றினேன். முகவரிக்கு என் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். பட்டா நகல். "பிரச்சினை என்ன" என்ற இடத்தில் அண்ணனைப் பற்றி மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். வக்கீலிடம் சொல்வதுதானே, வெளியே போகாது என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் முதல் போன். நிறுவனத்திலிருந்து இல்லை. பிளாட் போடுகிற ஆள். நைனா பெயரோடு மேடம் சேர்த்து, "நீங்கதானே பேசறது?" என்றார். என்னை வாழ்நாளில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஸ்கூல், ரேஷன், பேங்க் எங்கேயும் நைனா பெயர் எனக்கு இனிஷியல் மட்டும்தான். முழுசாக அடித்தது அந்த ஒரு கட்டத்தில்தான். அடுத்த பத்து நாளில் பதினான்கு போன், அத்தனை பேரும் அதே பெயரில் கூப்பிட்டார்கள். லோன் தருகிறவர், நிலத்தை மொத்தமாக வாங்குகிறவர், "கேஸை செட்டில் பண்ணித் தரேன்" என்றவர். எங்கிருந்து கசிந்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். தேதி, நேரம், நம்பர், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று ஒரு நோட்டில் எழுதினேன். இந்த ஒரு காரியத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்தேன், கடைசியில் அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

மாசி பிறந்து இரண்டாம் நாள் அண்ணன் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. "இன்னாமா, என் மேல கேஸ் போடப் போறியாமே? புரோக்கர் ஒருத்தன் வூட்டாண்ட வந்து சொல்றான்" என்றார். நான் நேரில் போய், தங்கையையும் கூட்டிக்கொண்டு, பொறுமையாகப் பேசலாம் என்று இருந்தேன். அதற்குமுன் ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் வாசலில் நின்று சொல்லிவிட்டான். நாற்பது வருஷ உறவு அது. பணம் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகுதான் அந்த வெப்சைட்டின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்த தனியுரிமைக் கொள்கையைத் திறந்தேன். இங்கிலீஷ் மட்டும்தான். மகளை உட்கார வைத்து வரி வரியாகப் படித்தோம். ஒரு இடத்தில், "இந்த ஃபாரத்தை நிரப்புவதால் வக்கீல், கட்சிக்காரர் உறவு ஏற்படாது, ரகசியத் தகவல் எதையும் இதன் வழியே அனுப்ப வேண்டாம்." அதே வெப்சைட்டின் ஃபாரத்தில் ஆவணம் ஏற்றாமல் அனுப்பவே முடியாது! இன்னொரு இடத்தில், "சேவை வழங்கும் கூட்டாளிகளுடன் பகிரலாம்." யார் அந்தக் கூட்டாளி, எத்தனை பேர், ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? "தேவைப்படும் வரை." ஃபாரத்தின் அடியில் கூட்டாளிகளுக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

போனில் கேட்டால் ரிசப்ஷன் பெண் ஹோல்டில் போடுவார், லைன் கட்டாகும். ஐந்து தடவை. சரி, நேரிலேயே போகலாம் என்று ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். வெப்சைட்டில் இருந்த முகவரிக்குப் போனால் அங்கே வேறு கம்பெனி. வாட்ச்மேன் சொல்லித்தான் புது இடம் தெரிந்தது. வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

அங்கே இருந்த மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. "பட்டா பொது ஆவணம் மேடம். சர்வே நம்பர் இருந்தா யார் வேணா ஆன்லைன்ல பார்க்கலாம். இதுல என்ன ரகசியம்?" என்றார்.

"பட்டாவுல என் செல் நம்பர் இருக்கா சார்? எனக்கும் எங்க அண்ணனுக்கும் மனஸ்தாபம்னு இருக்கா?" என்றேன்.

அவரிடம் பதில் இல்லை. "எழுதிக் கொடுங்க" என்றார். அங்கேயே ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். நகலில் சீல் கேட்டேன். "அதெல்லாம் போடறதில்ல." விட்டுவிட்டு வந்தேன், அது தப்பு. பின்னால் அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். சீல் போட மாட்டேன் என்றால் மனுவைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள், தபாலில் அனுப்புங்கள்.

வேலூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கும் ஒரு திங்கட்கிழமை போனேன். மூன்று மணி நேரம் வரிசை. மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இது எங்களுது இல்லமா" என்று நீட்டினார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, "வக்கீலைப் பாருங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தடுமாற்றம் என்னுடையது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை நிரப்பி மெயில் போட்டேன். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 12-ன்படி என் விவரங்களை அழிக்கவும் என்று. இரண்டே நாளில் பதில்: "அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை." மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் வந்துவிட்டது, ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அழிக்கச் சொல்லும் உரிமை, சம்மதம் கேட்கும்போது தெளிவான அறிவிப்பு தர வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும் என்பதெல்லாம் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலாகும். அதுவரை அந்தப் பிரிவை மட்டும் நம்பிக் கடிதம் போடாதீர்கள், ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

வழி பிறந்தது சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கு வெளியே, ஒரு டைப்பிங் கடையில். அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்து வக்கீலம்மா ஒருவரைப் பார்த்தேன். நின்றபடியே முழுசும் கேட்டார்.

"வேற இன்னா ஏத்துன?"

"பாஸ்புக்கு, என்னுது."

"அக்கவுன்ட் நம்பர் தெரியுதா?"

"தெரியுது."

"அதான் பிடி. உட்காரு."

பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று விளக்கினார். 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43ஏ, அதன் கீழ் 2011-ல் வந்த விதிகள். கம்பெனி மட்டுமில்லை, தொழில்முறை நிறுவனங்களும் அதில் அடக்கம், வக்கீல் ஆபீஸ் தப்ப முடியாது. பேங்க் கணக்கு விவரம் அந்த விதிப்படி "உணர்திறன் மிக்க" தகவல். சட்டம் கேட்டாலொழிய, அதை நம் முன் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெப்சைட்டில் போட்டே ஆக வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். இவர்கள் வெப்சைட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை.

இன்னொன்றும் சொன்னார், அது என் மனசில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. "என் ரூம்ல உட்கார்ந்து, என்னை வக்கீலா வெச்சு நீ சொல்றதை உன் அனுமதி இல்லாம நான் வெளிய சொல்லக்கூடாது, சாட்சியச் சட்டத்துலயே இருக்கு. வெப்சைட் கட்டத்துல அடிக்கிறது அப்படி இல்லமா. அதை முதல்ல பார்க்கிறது வக்கீலா, ஃபாரத்தை நடத்துற வேற கம்பெனியான்னு உனக்குத் தெரியாது." இணையத் தளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். நான்கு கேள்விதான். என்னுடைய எந்தெந்த விவரம் உங்களிடம் இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் எல்லாவற்றையும் அழிப்பீர்கள், உங்கள் குறைதீர் அதிகாரி யார். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தனியாக ஒரு பத்தி. நோட்டில் இருந்த பதினான்கு அழைப்புகளின் பட்டியல் இணைப்பு. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் 43ஏ வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடமும், பார் கவுன்சிலிடமும் போவேன் என்று முடிவு. அழிக்கச் சொல்கிற கடிதத்தோடு ஆதார் நகலை இணைத்துவிடாதீர்கள், நான் இணைக்கப் போனபோது வக்கீலம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

கோட்டை பக்கத்துத் தலைமைத் தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் போஸ்ட் கேட்டேன். 2025 செப்டம்பரிலிருந்து அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதாம். ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாகச் சொல்லி, டெலிவரி சான்றுக்கும் போட்டுக் கொடுத்தார். இத்தனை அலைச்சலில் எனக்கு நல்ல வார்த்தை கிடைத்த கவுன்டர் அது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நாள் பதில். ஒரு மூத்த வக்கீலின் கையெழுத்து. ஃபாரத்தை வெளியே ஒரு நிறுவனம் நடத்தியது, அதன் பெயர் இன்னது, அவர்களிடமும் தங்களிடமும் இருந்த என் விவரங்களை அழித்தாகிவிட்டது, குறைதீர் அதிகாரி இன்னார் என்று தெளிவாக இருந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். உடனே வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். ஆவணம் ஏற்றும் கட்டம் காணோம். டிக் தானாக விழவில்லை. சமையலறைக்கு ஓடி மகளிடம் காட்டினேன்.

ஆனால் புரோக்கர்கள் போனில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது அழியாது, அதை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணுக்குப் புகார் அனுப்புகிறேன். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும், முன்பு மூன்று நாள்தான் இருந்தது. ஆதாரில் கைரேகையை லாக் செய்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் முதல் எட்டு எண் மறைத்த ஆதார்தான், அதை ஆதார் வெப்சைட்டிலேயே இறக்கலாம். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். வக்கீல் ஆபீஸ் ஃபாரம் எதுவானாலும் பெயர், போன், "நில விஷயம்", இவ்வளவு போதும். மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

சித்திரை முதல் வாரம் அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு தங்கையும் நானும் அணைக்கட்டு போனோம். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து அண்ணியிடம், "மூணு பேருக்கும் சேர்த்து சோறு போடு" என்றார். பட்டா பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.