பாரிமுனையில் ஒரு ஜாடி வேட்டை

ஆட்டோவில் ஜாடிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பாரிமுனையிலிருந்து எழும்பூருக்கு முந்நூறு ரூபாய், "பீங்கான் சார், மெதுவா ஓட்டணும்" என்று அதற்கு மேல் ஐம்பது. மெதுவாகவும் ஓட்டவில்லை. காலையில் இதே பக்கத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாயில் வந்து இறங்கியவன் நான். வயிறு எரியாதா?

சரி, ஜாடிக்கு வருகிறேன். பழைய பீங்கான் வாங்கச் சென்னைக்கு வருகிறவர்கள் கடைக்குப் போகும் முன் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கம்பெனிக்காரர்களும் ஆற்காடு நவாபுகளும் புழங்கிய பீங்கான் அங்கே இருக்கிறது. நல்ல மெருகு, அதாவது பீங்கான் மேல் கண்ணாடி மாதிரிப் படிந்த பூச்சு, எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், கடைக்காரர் சொல்லும் கதை காதில் ஏறாது.

கதைக்குப் பஞ்சமே இல்லை. பாரிமுனைச் சந்துக் கடை ஒன்றில் பூப்போட்ட தட்டைக் காட்டி, "செட்டிநாட்டு வீட்டுச் சாமான், இருநூறு வருஷம்" என்றார். திருப்பினால் 'மேட் இன் ஜப்பான்'. ஏற்றுமதிப் பாத்திரங்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவியதே 1890-இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான். 'மேட் இன்' என்று சேர்த்து எழுதுவது அதற்கும் பிந்தியது. விலை நாலாயிரம். பூவும் கையால் வரைந்ததில்லை, காகிதத்தில் அச்சடித்துத் தட்டில் ஒட்டி எடுத்தது. உற்றுப் பார்த்தால் காகிதம் ஒட்டுச் சேர்ந்த இடத்தில் கொடி துண்டாகி நின்றது.

என் கண் பட்டது மூலையில் தூசியோடு கிடந்த ஊறுகாய் ஜாடி மேல். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, மூடியோடு. விரலை மடக்கித் தட்டினேன், கணீரென்றது. விரிசல் இருந்தால் 'டொக்'கென்று செத்த சத்தம்தான் வரும். அடி வளையத்தில் மெருகு இல்லாத மண் தெரிந்தது. தரையில் உரசி உரசி வழுவழுப்பாகி, பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கியிருந்தது. உண்மையான தேய்மானம் இப்படித்தான், உரசும் இடத்தில் மட்டும் இருக்கும். டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கியது என்றால் மேலும் கீழும் ஒரே சீராகக் கறை பிடித்திருக்கும். மெருகில் மயிரிழைக் கோடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதாலும் வரும், சூளையிலேயே கூட வரும். நகத்தில் தட்டுப்படும் கோடுதான் ஆபத்து. விளிம்பை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒட்டிப் பூசிய இடம் கொஞ்சம் வெதுவெதுப்பாக, மென்மையாகப் படும்.

ஆயிரத்து இருநூறு சொன்னார், எழுநூறுக்கு முடிந்தது. மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து மிச்சம் பிடித்த காசு அது. அந்தத் தட்டைவிட இது எத்தனையோ மடங்கு நேர்மையான பொருள். அப்புறம், பழைய அலங்காரப் பீங்கானில் சாப்பிடாதீர்கள். மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம், புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும்.

பசியோடு பர்மா பஜார் பக்கம் நடந்தேன். அங்கேதான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ்! நூடுல்ஸில் வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். ஜாடியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு தட்டு தின்றேன். எந்த நட்சத்திர ஓட்டலும் கிட்டே வர முடியாது.

எப்படிப் போவது, எப்போது போவது என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதனால் ஜாடி வாங்குவதைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுங்கள்.