‘கூடாது’ என்று யாருமே சொல்லவில்லை: அலுவலகத்தில் ஓர் அம்பேத்கர் உரைக்கு அனுமதி வாங்கிய கதை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைத்தது. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-க்குக் கேட்ட அறை செப்டம்பரில் கிடைத்தது. வீடியோ எடுக்கக் கூடாது, சுவரொட்டியில் நிறுவனத்தின் சின்னம் இருக்கக் கூடாது, கேள்விகளைச் சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். இதே மாதிரி ஒரு கூட்டம் நடத்த நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இடையில் நடந்ததைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது கலிஃபோர்னியாவில், சான் ஓசே பக்கம், ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில். பெயர் வேண்டாம், விசா அவர்கள் கையில் இருக்கிறது. கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் “கூகுளா?” என்கிறார்கள். இல்லை. ஆனால் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியும். 2022 ஏப்ரலில், சாதிப் பாகுபாட்டை எதிர்க்கும் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் அங்கே ஊழியர்களிடம் சாதியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. ஊழியர்களில் சிலர் எதிர்த்து மேலிடத்துக்கு எழுத, கூட்டம் ரத்தானது. ஏற்பாடு செய்திருந்த தனுஜா குப்தா அப்புறம் வேலையை விட்டே விலகினார். அந்தச் செய்தியை எங்கள் எச்.ஆர்.காரர்களும் படித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

நான் கேட்டது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. 1913-லிருந்து 1916 வரை அம்பேத்கர் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி, பணி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் மதிய உணவு நேரத்தில் ஒரு மணி நேரம் பேசுவார். அவருக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் வேண்டாம். பேராசிரியர் ஒரே நாளில் ஒப்புக்கொண்டார். அறையும் காலியாகத்தான் இருந்தது.

படிவத்திலேயே சிக்கல் ஆரம்பித்தது. ‘தலைப்பு அரசியல் அல்லது மதம் சார்ந்ததா?’ என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ‘இல்லை’ போட்டால் உடனே அறை கிடைத்துவிடும். பிறகு யாராவது புகார் கொடுத்தால், பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள். ‘ஆம்’ போட்டால் கொள்கைக் குழுவுக்குப் போகும், அது மாதம் ஒருமுறைதான் கூடும். எதைப் போடுவது என்று நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கேட்டேன். உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள் என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு முகம். ‘ஆம்’ போட்டேன். நீங்களும் அதையே போடுங்கள். தாமதமாகும், ஆனால் பின்னால் கழுத்தில் கத்தி விழாது.

கொள்கைக் குழு கூடி, இதற்குத் துணைத் தலைவர் மட்டத்தில் ஒரு ஸ்பான்சர், அதாவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவர், வேண்டும், தெற்காசிய ஊழியர் குழுவின் சம்மதமும் வேண்டும் என்றது. அந்த ஊழியர் குழு தீபாவளிக்கு உணவு மண்டபத்தையே எடுத்துக்கொண்டு ரங்கோலிப் போட்டி நடத்துகிறது. அதற்கு எந்த ஸ்பான்சரின் கையெழுத்தும் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. சரி, போனேன். அந்தக் குழுவில் ஒரு தமிழர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர்தான். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் தம்பி, இதெல்லாம் ஊரோட போகட்டுமே. இங்க யாரு சாதி பாக்குறாங்க?” என்றார். நான், “அண்ணா, யாரும் பார்க்கலன்னா பேசுறதுல என்ன பிரச்சினை?” என்றேன். சிரித்துவிட்டு, எல்லோரையும் கலந்து சொல்கிறேன் என்றார். கலந்துகொண்டே இருந்தார்கள். அதற்குள் ஏப்ரல் 14 வந்து போயிற்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எந்தக் கட்டத்திலும் ‘முடியாது’ என்று யாரும் எழுதித் தரவில்லை. ரேஷன் கடையில் ‘சரக்கு வரல, நாளைக்கு வாங்க’ என்பார்களே, அதே கதைதான், குரல் மட்டும் மரியாதையாக இருந்தது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அது ஆவணமாகிவிடும். அதனால் இன்னும் ஒரு தகவல், இன்னும் ஒரு பெயர், இன்னும் ஒரு மீட்டிங் என்று நீள்கிறது.

நான் சேர்ந்தபோது இப்படி இல்லை. வாராந்திரக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து சி.இ.ஓ.வையே கேள்வி கேட்பார்கள். இப்போது கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், ‘ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து’ யாரோ ஒருவர் வாசிப்பார். இது எங்கள் நிறுவனத்தில் மட்டும் நடந்ததல்ல. 2018 நவம்பர் 1 அன்று பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்தை எதிர்த்துக் கூகுளில் சுமார் 20,000 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். அடுத்த ஆண்டே அலுவலகத்தில் அரசியல் சர்ச்சை வேண்டாம் என்று விதி வந்தது, வாரா வாரம் நடந்த பொதுக் கூட்டம் மாதாந்திரமானது. 2020-ல் கிரிப்டோ நாணய நிறுவனமான காயின்பேஸ், அலுவலகத்தில் அரசியல் பேச வேண்டும் என்பவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றது, 60 பேர் விலகினார்கள். 2021-ல் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனம் அதே மாதிரி தடை போட்டபோது ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 2024 ஏப்ரலில், இஸ்ரேல் அரசோடு நிறுவனம் போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களைக் கூகுள் வேலையைவிட்டே நீக்கியது. 2025 ஜனவரியில் மெட்டா தன் பன்முகத்தன்மைத் திட்டங்களையே மூடியது. நான் விண்ணப்பம் போட்டது அதற்குச் சில வாரம் கழித்து. நேரம் அப்படி.

மே மாதம் புது நிபந்தனை வந்தது: சமநிலைக்காக மாற்றுக் கருத்துள்ள இன்னொரு பேச்சாளரும் வேண்டும். ஒருவர் கொலம்பியாவில் படித்த கதைக்கு மாற்றுக் கருத்து என்ன? அவர் படிக்கவில்லை என்று யாராவது வந்து பேசுவதா? எரிச்சலை அடக்கிக்கொண்டு இரண்டே வரியில் மின்னஞ்சல் போட்டேன். இந்த நிபந்தனை எந்த விதியில் இருக்கிறது, இதற்கு முன் எந்த உரைக்கு இதைக் கேட்டீர்கள்? ஒரு வாரம் பதில் இல்லை. அடுத்து வந்த கடிதத்தில் மாற்றுப் பேச்சாளர் என்ற பேச்சே இல்லை, கேட்டதற்கான அடையாளமும் இல்லை. இந்தக் கதையில் நான் முழுசாக ஜெயித்த ஒரே இடம் அதுதான். வாயால் சொன்ன எதையும் அன்று மாலையே ‘நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஸ்பான்சர் கதை சுருக்கம்: ஒரு துணைத் தலைவர் ஒப்புக்கொண்டார், பின் ‘இது சரியான நேரமில்லை’ என்று நழுவினார். வேறொருவர், சென்னையில் சில வருடம் வேலை பார்த்த அமெரிக்கப் பெண்மணி, படித்துப் பார்த்து அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரத்தில் பெரியவரைத் தேடாதீர்கள், பயப்படாதவரைத் தேடுங்கள்.

பிறகு ஸ்லைடுகள் சட்டப் பிரிவுக்குப் போயின. கடைசி ஸ்லைடில் பேராசிரியர் இன்றைய நிலவரத்தை நான்கு வரியில் போட்டிருந்தார். 2020-ல் சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசு தொடுத்த சாதிப் பாகுபாட்டு வழக்கு, அதில் இரண்டு பொறியாளர்கள் மீதான பகுதியை 2023-ல் அரசே திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டுக்கு சியாட்டில் நகரம் கொண்டுவந்த தடை, அதே மாதிரித் தடையைக் கலிஃபோர்னியாவில் கொண்டுவரப் பார்த்து, அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய எஸ்.பி. 403 மசோதா. எல்லாம் செய்தித்தாளில் வந்தவைதான். அந்த ஸ்லைடு முழுவதும் சிவப்புக் கோடு. வேறு நிறுவனத்தின் வழக்கைப் பற்றி நம் இடத்தில் பேச வேண்டாமாம். ஆச்சரியம் என்னவென்றால், தீண்டாமைக்கு எதிராக 1927-ல் அம்பேத்கர் மக்களோடு போய்த் தண்ணீர் குடித்த மகாத் குளத்துப் படத்தின் மேலும் ஒரு கேள்விக்குறி இருந்தது: ‘இது போராட்டமா?’ ஆமாம், தண்ணீர் குடிக்கும் போராட்டம் என்று பதில் எழுதினேன். படம் தப்பித்தது, கடைசி ஸ்லைடு போய்விட்டது. பேராசிரியர், “விடுங்க, யாராவது கேள்வி கேட்டா வாயால சொல்லிடுறேன்” என்றார்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: எச்-1பி வேலை விசாவில் இருந்து வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதனால் எது பாதுகாப்பு, எது இல்லை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். சம்பளம், வேலை நிலைமை, வேலையில் நடக்கும் பாகுபாடு பற்றிச் சக ஊழியர்களோடு சேர்ந்து பேசுவதை 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது, விசாக்காரர்களையும் சேர்த்து. மேலாளர்களுக்கு அது பொருந்தாது. வரலாற்று உரை அதற்குள் வரும் என்று நம்பிவிடாதீர்கள். பழிவாங்கினார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு வெளியே நீங்கள் செய்யும் அரசியலில் முதலாளி தலையிடக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் தனிச் சட்டமே இருக்கிறது. இன்னொன்று, எச்.ஆர். மீட்டிங்கை ரகசியமாக ரெக்கார்டு செய்யாதீர்கள். இந்த மாநிலத்தில் எல்லோர் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். தேதி போட்டுக் கையால் குறிப்பு எடுங்கள், சொந்த நோட்டில்.

செப்டம்பரில் கூட்டம் நடந்தது. நாற்பது நாற்காலி போட்ட அறை, சுவரோரம் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். சீட்டுகளைப் பிரித்துப் படிக்க எச்.ஆரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கொலம்பியாவில் யாரிடம் படித்தார், எத்தனை பாடம் எடுத்தார் என்று சில கேள்விகள் போயின. ஒரு சீட்டைப் பிரித்தவர், தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று ஓரமாக வைத்தார். பேராசிரியர் கையை நீட்டி அதை வாங்கி, சத்தமாக வாசித்தார்: ‘புதிதாகச் சேர்ந்த என்னிடம் டீம் லீட் முதலில் அப்பா பெயரைக் கேட்டார், பிறகு ஊரைக் கேட்டார், பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். இதை நான் யாரிடம் சொல்வது?’ எச்.ஆர். பெண் அறையையே பார்த்தார், பிறகு ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொன்னார். பின் வரிசையிலிருந்து யாரோ அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னார். நிறைய பேர் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஏப்ரலுக்கான விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிட்டேன். போன முறை கிடைத்த அனுமதி எண்ணையும், மாற்றுப் பேச்சாளர் பற்றிய என் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது நிலை: ‘கொள்கைக் குழுவின் பரிசீலனையில்’.